நிகழ்பட விளையாட்டுகளின் செல்வாக்கு: முதன்மையும் வழிமையும்

நிகழ்பட விளையாட்டுகளுள் பெருஞ்செல்வாக்குடையது எது என்னும் விவாதத்தில், காலமுதன்மையும் செல்வாக்கும் ஒன்றெனக் கொள்ளப்படுவதே குழப்பத்திற்குக் காரணமாகிறது. 1962இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிடிபி-1 கணினிக்கென உருவான ‘ஸ்பேஸ்வார்’ காலத்தால் முந்தியது. எனினும் அக்கணினி விலைமிக்கதாதலின், அவ்விளையாட்டு ஆய்வுக்கூடங்களைக் கடந்து பொதுமக்களை எட்டவில்லை. அதனைப் பின்பற்றி 1971இல் ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’ பொறியை அமைத்தவருள் ஒருவரான நோலன் புஷ்னெல், மறு ஆண்டில் அட்டாரி நிறுவனத்தின் வழி ‘பாங்’ விளையாட்டை வெளியிட்டார். மேக்னவாக்ஸ் ஒடிசியின் மேசைப்பந்தாட்டமே அதற்குத் தூண்டுதல். ஆயினும், நாணயமிட்டு ஆடும் பொறிகளின் வணிகத்தை நிலைபெறச் செய்ததும், பிற நிறுவனங்கள் பலவும் படியெடுத்ததும் ‘பாங்’கையே. நூல்களை முதல், வழி, சார்பு எனப் பகுக்கும் நன்னூல் நெறி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. வழிநூலாய் அமைந்ததும் பின்னவற்றுக்கு முன்மாதிரியாகலாம். எனவே, முன்தோன்றியது எது என்பதனினும், பின்வந்தோர் எதனை நோக்கிச் செய்தனர் என்பதே செல்வாக்கின் அளவுகோலாகும்.