உங்களுக்குத் தெரியுமா? செஞ்சியின் சுவரில்லாத அரங்கம்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிடுகிறார்கள். இந்த வட்டாரத்தின் பழைய நாடக அரங்கமோ இருட்டிய பிறகுதான் களை கட்டும். மேடை இல்லை, டிக்கெட் இல்லை. பேயும் அரக்கனும் தெய்வமும் ஒன்றாக நடமாடும் அரங்கம் அது. அதன் பெயர் தெருக்கூத்து.

★ செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் மேலச்சேரிக்குப் ‘பழைய செஞ்சி’ என்றும் பெயர் உண்டு. வட தமிழகத்தின் திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கு அங்குள்ள கோயிலே தாய்வீடு என்பது பக்தர்களின் நம்பிக்கை.

★ கோயில் கதை இது: செஞ்சியை ஆண்ட அரசன் ஒருவனை நூறு தலை அரக்கன் ஆட்டிப்படைத்தான். அரசன் வேண்டிக்கொள்ள, பாரதத்துத் திரௌபதி நெருப்பிலிருந்து மீண்டும் தோன்றினாள். தொண்ணூற்றொன்பது தலைகள் உருண்டன. நூறாவது தலை மட்டும் மண்ணில் விழவே கூடாது! அதைக் கையில் ஏந்திக்கொண்டவன் போத்துராஜா என்கிற போர்மன்னன். திரௌபதி கோயில்களில் அவன் கையில் ஒரு தலை இருப்பது இதனால்தான்.

★ அம்மனுக்கு இன்னொரு காவலரும் உண்டு: முத்தால் ராவுத்தர். பாரதக் கதை நாயகியின் வாசலில் ஒரு முஸ்லிம் வீரரைக் காவல் தெய்வமாக நிறுத்தியிருக்கிறார்கள் இந்தப் பகுதி மக்கள்.

★ அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்த வழிபாட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1988-இல் வந்த அவருடைய நூலின் முதல் பாகத் தலைப்பிலேயே செஞ்சியும் குருக்ஷேத்திரமும் கைகோத்து நிற்கின்றன.

★ திரௌபதி அம்மன் திருவிழா நாட்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம் முழங்க, இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் வேடம் பாடிக்கொண்டே வரும். கட்டியங்காரன் கேள்வி கேட்டுச் சிரிக்கவைப்பான். விடிய விடிய ஆட்டம். பெண் வேடமும் மரபாக ஆண்களுக்கே.

★ துகிலுரியும் காட்சி வந்தால் களமே அடங்கிவிடும். துச்சாதனன் வேடக்காரர் சேலையில் கை வைக்குமுன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். ஆட்டத்தின் நடுவே ஆடுபவருக்கு அருள் வந்துவிடுவதும் உண்டு. அதனால்தான் அங்கே யாரும் இதை வெறும் வேஷம் என்று சொல்வதில்லை.

★ கடைசி நாள் படுகளம். ஊர்ப் பொதுவிடத்தில் மண்ணைக் குழைத்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனனை ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிதாகச் செய்துவைப்பார்கள். உருட்டி விழிக்கும் கண், முறுக்கு மீசை, வண்ணம் பூசிய மார்பு. காலை வெயிலில் பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். கதாயுதம் தொடையில் இறங்கியதும் உள்ளே புதைத்துவைத்த சிவப்பு நீர் ரத்தமாய் வழியும். அதைத் தொட்டுத் திரௌபதி விரித்த கூந்தலை முடிப்பாள். சுற்றி நிற்கும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மாலையில் தீமிதி.

★ செஞ்சிக்கு அருகே மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மாசி மாதம் மகா சிவராத்திரியை ஒட்டி மயானக் கொள்ளை நடக்கும். அன்று சுடுகாடே அரங்கம்! சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலத்தை, மயானத்தில் உணவை இறைத்துக் கீழே இறக்கினாள் அம்மன் என்பது கதை. பேய் பிடித்ததாக நம்பப்படுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு குடும்பங்கள் இங்கே வருகின்றன. அமாவாசை இரவின் ஊஞ்சல் சேவைக்குக் கூட்டம் அலைமோதும்.

★ கோட்டைக்குள் சக்கரகுளத்தருகே ஒரு பெரும்பாறையின் நடுவில் கிணறுபோல இயற்கையான துளை ஒன்று இருக்கிறது. மரண தண்டனை பெற்றவர்களை அதில் தள்ளிப் பட்டினியால் சாகவிட்டார்களாம். ‘கைதிகள் கிணறு’ என்ற பெயரே நெஞ்சைப் பிசைகிறது.

★ செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனின் உண்மைப் பெயர் தேஜ் சிங். புந்தேல ராஜபுத்திரர். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையைச் சிறு படையோடு எதிர்த்து 1714 அக்டோபர் 3 அன்று வீழ்ந்தார். அவர் ஆண்டது சில மாதங்களே. கதைப்பாடலில் வாழ்வது முந்நூறு ஆண்டுகளுக்கு மேல். அவருக்குச் சிதை மூட்டியதும் இளம் மனைவி உடன்கட்டை ஏறியதும் செட்டிகுளக் கரையில் என்று அங்குள்ள மேடையைக் காட்டுகிறார்கள். அந்தப் பெண்ணின் நினைவாக நவாப் எழுப்பிய ஊர்தான் ராணிப்பேட்டை என்பார்கள். 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ இந்தக் கதையைத் திரைக்குக் கொண்டுவந்தது.

★ செய்யாறு வட்டாரத்துப் புரிசை கண்ணப்ப தம்பிரானிடம் கூத்துக் கற்றவர் எழுத்தாளர் ந. முத்துசாமி. சென்னையில் அவர் 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவின் வேர் இந்த மண்ணில்தான் இருக்கிறது.

★ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டுமே.

கல்லுக்குக் கிடைத்த காவல் கூத்துக்கும் வேண்டும். அதைக் காப்பாற்றப் பார்வையாளர்களால்தான் முடியும். அடுத்த முறை செஞ்சிக்குப் போனால், பக்கத்து ஊரில் பாரதக் கூத்து எப்போது என்று விசாரியுங்கள். குழந்தைகளோடு ஒரு பாய் விரித்து விடியும்வரை உட்காருங்கள்.