தரைக்கு ஒரு ஸ்வெட்டர்!

அமெரிக்காவில், மிச்சிகன் குளிரில், நானே ஆணியடித்துச் செய்த கேம்பர் டிரெய்லரில் குடும்பத்தோடு படுத்தேன். மேலே மூன்று கம்பளி, கீழே ஐஸ். குழந்தைக்கு ஜலதோஷம். "இதுக்கு வீட்டு ஃப்ரிஜ்லயே படுத்திருக்கலாம்" என்றாள் மனைவி.

மறுவாரமே தரையைப் பிரித்தேன். தெர்மகோலுக்கு அண்ணன் மாதிரி ஓர் அட்டை உண்டு, எக்ஸ்.பி.எஸ். தண்ணீர் குடிக்காது, மேலே பலகை போட்டு மிதித்தால் அமுங்காது. ஓர் அங்குலத்துக்கு வெப்பத் தடுப்பு 'ஆர்-5'. இரண்டு அங்குலம் போட்டேன்.

கையில் கிடைத்த பசையைத் தடவினேன் சார், அட்டை கரைஞ்சே போச்சு! பெட்ரோலில் தெர்மகோல் கரையுமே, அதே கதை. அப்புறம் ஃபோமுக்கென்றே விற்கிற பசை, இடுக்குக்கு டேப், மேலே பிளைவுட்.

மறுபடி போனோம். நடுராத்திரி தரையைத் தொட்டேன். சில்லிடவில்லை. குழந்தை போர்வையை உதைத்துவிட்டுத் தூங்கியது.

மனைவி மட்டும் அண்ணாந்து பார்த்தாள். "கூரைக்கு எப்போ?"