கழுத்து இரத்தக் குழாய் அறுவையும் நினைவாற்றலும்

"கழுத்தில் கத்தி வைத்தால் புத்தி தடுமாறிப் போகுமோ?" மருத்துவர் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவுடன் குடும்பத்தார் உள்ளத்தில் எழும் அச்சம் இது. அஞ்சுவதில் தவறில்லை. எனினும், கையெழுத்திடத் தயங்கிக் காலம் கடத்துவோரும் உளராதலின், இதனைச் சற்று விளக்க விரும்புகிறோம்.

கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருங்குழாய்கள் உள்ளன. புகைபிடித்தல், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு ஆகியவற்றால் அவற்றின் உட்சுவரில் கொழுப்பு படிகிறது. பால் வடியும் தகரத்தில் ஒட்டுப்பால் உறைந்து வழியை மறிப்பதை நாம் காண்கிறோம் அல்லவா? ஆனால், இங்கே வழி குறுகுவது மட்டுமன்று ஆபத்து. படிவிலிருந்து பெயர்ந்த சிறு துணுக்கு மூளைக்குள் சென்று அடைத்தால் பக்கவாதம் நேரும்.

அறுவையில் குழாயைத் திறந்து படிவை அகற்றித் தைத்துவிடுவர். 1991ஆம் ஆண்டில் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வு ஒன்று இதன் பயனை நிலைநாட்டியது. குழாய் 70 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கி, பக்கவாத அறிகுறியும் கண்டவர்களுள், மருந்து மட்டும் உண்டோரில் நூற்றுக்கு 26 பேருக்கு ஈராண்டுக்குள் அப்பக்கத்தில் பக்கவாதம் வந்தது. அறுவை செய்துகொண்டோரில் 9 பேருக்கே வந்தது.

இனி, நினைவாற்றலைப் பார்ப்போம். அறுவையின்போது அக்குழாயில் ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்துவர். மற்றக் குழாய்கள் ஈடுசெய்யும். போதாவிடில் தற்காலிகக் குழல் பொருத்துவர். ஆயினும், சிலருக்கு முதல் சில நாள்களில் பெயர் மறத்தல், கணக்குத் தடுமாறுதல் போன்றவை தோன்றுவதுண்டு. பலருக்கு இது நாளடைவில் தெளிகிறது. சிலருக்கு நீடிக்கவும் கூடும். இரத்த ஓட்டம் சீரானதால் சிந்தனை தெளிவடைந்தோரும் உளர். ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை. ஒரே சோதனையை இரண்டாம் முறை செய்பவர் பழக்கத்தினாலேயே நன்றாகச் செய்வார் என்பதையும் மறத்தலாகாது. எனவே, நினைவாற்றல் பெருகும் என்று நம்பி இவ்வறுவையை நாடுவது சரியன்று என்பதே எம் கருத்து. பக்கவாதத்தைத் தடுப்பதே இதன் நோக்கம். பக்கவாதமோ அறிவையே பெரிதும் குலைக்க வல்லது.

நோயாளிக்கு முன்னரே மறதி இருப்பின் மருத்துவரிடம் மறையாது கூறுங்கள். சொற்களை நினைவில் வைத்துச் சொல்லுதல், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தல், கடிகாரம் வரைதல் முதலிய சோதனைகளை அறுவைக்கு முன்பே செய்திருந்தால்தான் பின்னர் ஒப்பிட இயலும். வீடு திரும்பியபின் கடுந்தலைவலி, வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் எது கண்டாலும், விடியட்டும் என்று காத்திராது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.