மூங்கிற் சாரமும் கயிற்றுக் கட்டும்

மும்பையில் ஜூன் மாதத்தில் பருவமழை தொடங்குகிறது. அதற்கு முந்திய வாரங்களில் மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் பழைய மாடிக் கட்டடங்களை மூங்கிற் சாரம் சூழ்ந்து நிற்கக் காணலாம். வெடிப்புகளை அடைத்தல், பூச்சு, வண்ணம் ஆகிய பணிகள் அக்கழிகளின் மேல் நின்றே நடைபெறுகின்றன. மராத்தியில் இச்சாரம் 'பராஞ்சி' எனப்படும். தமிழ்நாட்டிலோ இவ்வேலைக்குச் சவுக்குக் கழியே பெரிதும் பயன்பட்டு வந்துள்ளது. உயர்ந்த புதுக் கட்டடங்களில் இரும்புக் குழாய்கள் இடம் பிடித்துவிட்டன. எனினும் குறுகிய சந்துகளிலும், பால்கனிகள் துருத்தி நிற்கும் சுவர்களிலும், வேண்டிய அளவுக்கு வெட்டிக் கட்டக்கூடிய மூங்கில் இன்னும் விலகவில்லை.

மூங்கில் மரமன்று, புல்லினத்தைச் சேர்ந்தது. அதற்கு வலிமை தரும் நார்கள் தண்டின் வெளிப்புறத்தில் நெருங்கி அமைந்துள்ளன. உள்ளே வெற்றிடம், கணுதோறும் ஒரு குறுக்குச் சுவர். குறைந்த எடையில் வளைவை எதிர்ப்பதற்கு இது சிறந்த அமைப்பாகும். ஆயின் நார்கள் நீளவாக்கில் ஓடுவதால், ஆணி அறைந்தால் தண்டு பிளந்துவிடும். ஆகவேதான் கயிறு இன்றியமையாததாகிறது.

நிமிர்ந்த கழியின் நுனியோடு அடுத்த கழியைச் சிறிது தூரம் இணைத்து, தென்னை நார்க் கயிற்றால் பல சுற்றுச் சுற்றி, சாரம் கட்டுபவர் உயரத்தை நீட்டுகிறார். காலைக் கழியிற் பின்னிக்கொண்டு, இரு கைகளாலும் முடிச்சிடுகிறார். நிமிர்ந்த கழிகளும் கிடைக் கழிகளும் மட்டும் போதா. சாய்வுக் கழிகளும் வேண்டும். நான்கு குச்சிகளை நூலாற் கட்டிய சதுரம் எளிதில் நெளியும். மூலைக்கு மூலை ஒரு குச்சி சேர்த்தால் நெளியாது. ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம்.

ஆபத்து பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் உள்ளது. முறுக்கிய நார்க் கயிறு நனைந்தால் பருத்து, நீளத்திற் குறுகும், உலர்ந்தால் தளரும். மழையில் இறுகியிருந்த கட்டு வெயிலேறிய பின் நெகிழ்ந்திருக்கலாம். காலையில் ஒருமுறை பார்த்துவிட்டோம் என்று இருந்துவிடுவது போதாது. மூங்கிலிலுள்ள மாவுப்பொருளை நாடித் துளைவண்டு புகுகிறது. கழியினடியில் மெல்லிய தூள் உதிர்ந்திருப்பின் அக்கழியை நீக்க வேண்டும். வெட்டிய மூங்கிலை நீரில் ஊறவைத்தால் மாவுப்பொருள் குறைந்து, வண்டின் தொல்லையும் குறையும்.

சாரங்கள், ஏணிகள் பற்றிய இந்தியத் தரநிர்ணயப் பாதுகாப்பு விதிகள் 1966-ல் வெளிவந்தன. சாரம் பற்றிய பகுதி 1987-ல் திருத்தப்பட்டது. ஆனால் கழியின் மேல் ஏறுபவர் கைக்கு அந்நூல் எட்டுவது அரிது. அவர் தொழிலை மூத்தவரின் அருகில் நின்றே கற்கிறார். மூங்கிற் சாரத்திற்குப் பேர்பெற்ற ஹாங்காங்கில் இத்தொழிலுக்குப் பயிற்சியும் தேர்வும் உண்டு. அங்கும் புதிய அரசாங்கக் கட்டட ஒப்பந்தங்களிற் குறைந்தது பாதியில் உலோகச் சாரம் வேண்டுமென 2025-ல் விதிக்கப்பட்டது.

வேலை முடிந்ததும் சாரம் மேலிருந்து கீழாக அவிழ்க்கப்படுகிறது. நல்ல கழிகள் அடுத்த கட்டடத்திற்குச் செல்கின்றன. நார் முறிந்த கயிற்றை அவற்றோடு அனுப்பலாகாது.