ஒரு போல்ட்டுக்குப் பதின்மூன்று இலக்கம்

மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையின் லேத் பட்டறை ஒன்று ராணுவ லாரிக்கு போல்ட் கடைந்து தருவதாக வைத்துக்கொள்வோம். அதே போல்ட் வேறொரு நிறுவனத்திடம் வேறு பாக எண்ணுடன் கிடைக்கலாம். இரண்டும் ஒன்றென்று தெரியாத கிடங்கு இரண்டையும் வாங்கிக் குவிக்கும். ஒரு பெயரில் கையிருப்பு தீர்ந்தால், இன்னொரு பெயரில் இருப்பது கண்ணில் படாமல் வண்டி முடங்கிக் கிடக்கும்.

இரண்டாம் உலகப் போரில் இந்தக் குழப்பத்தால் அமெரிக்கப் படைகள் திணறின. பின்னர் அங்கு உருவான பொதுப் பட்டியல் முறையை 1950களில் நேட்டோ நாடுகள் ஏற்றன. இதன்படி ஒவ்வொரு பொருளுக்கும் 13 இலக்கங்கள். முதல் நான்கு வகையைச் சொல்லும்: 5306 என்றால் போல்ட், 5310 என்றால் நட்டும் வாஷரும். அடுத்த இரண்டு, எண்ணை வழங்கிய நாடு: இந்தியாவுக்கு 72, ஜெர்மனிக்கு 12. மீதி ஏழும் அந்தப் பொருளுக்கே உரியவை. தயாரிப்பாளருக்குத் தனியாக ஐந்தெழுத்துக் குறியீடு உண்டு.

இந்தியா நேட்டோ உறுப்பினர் அல்ல. ஆயினும் இந்த முறையில் இரண்டாம் நிலைப் பங்காளி. எனவே தரவைப் பெறுவதோடு தானும் தர முடியும். பொறுப்பு, பாதுகாப்பு உற்பத்தித் துறையின் கீழ் 1962இல் தொடங்கிய தரப்படுத்தல் இயக்ககத்துடையது. எண் கொடுப்பது எளிது. அளவு, உலோகம், பூச்சு ஆகியவற்றைச் சரியாக விவரிப்பதுதான் உண்மையான உழைப்பு. விவரம் பிசகினால் ஒரே போல்ட்டுக்கு மறுபடி இரண்டு எண்கள் விழும்.