பார்க்காமலே கண்டுபிடிக்கும் வித்தை

2025 மார்ச் 8 அன்று லண்டன் ஹாமர்ஸ்மித் பகுதியிலுள்ள ஈவென்டிம் அப்போலோ அரங்கில் இளையராஜா தன் ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்றினார். அப்படி ஒரு கச்சேரி வருகிறதா என்று, தமிழர்கள் நிறைய வாழும் ஈஸ்ட் ஹாமில் ஒரு ரசிகர் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். செல்பேசியில் பெயரைத் தட்டுகிறார். ‘25 கிலோமீட்டருக்குள்’, ‘மார்ச் மாதம்’, ‘இசை’ என்று மூன்று வடிகட்டிகளைத் தொடுகிறார். விரலை எடுப்பதற்குள் பட்டியல் வந்து நிற்கிறது.

இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? எண்ணிக்கையைப் பாருங்கள். டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தின் ‘டிஸ்கவரி’ சேவையில் மட்டும் 2,30,000-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் உண்டு என்கிறது அதன் கையேடு. ஒவ்வோர் அறிவிப்பையும் ஒரே ஒரு நொடி பார்த்தால்கூட, ஊண் உறக்கம் இல்லாமல் நமக்கு 64 மணி நேரம் ஆகும். கணினி இதையே மின்னல் வேகத்தில் பார்த்துவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மை வேறு. அது பார்ப்பதே இல்லை. இரண்டு லட்சத்துச் சொச்சம் அறிவிப்புகளைத் தொடாமலே கழித்துக் கட்டுகிறது. தேடல் தொழில்நுட்பத்தின் மொத்தத் திறமையும் இந்தத் தொடாமையில்தான் இருக்கிறது.

முதலில் கேள்வி எப்படிப் போகிறது என்று பார்ப்போம். செல்பேசிச் செயலிக்குள் அந்த 2,30,000 நிகழ்ச்சிகளும் இல்லை. அவை எங்கோ ஒரு தரவு மையத்தில் இருக்கின்றன. அங்கே வெளியார் நிரல்கள் வந்து கேட்பதற்கென்றே ஒரு வாசல் உண்டு. அதன் பெயர் ஏபிஐ. ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் எந்த வடிவத்தில் கேட்கலாம், என்ன வடிவத்தில் பதில் வரும் என்ற ஒப்பந்தம்தான் அது. கேள்வி ஒரு சாதாரண இணைய முகவரியாகவே போகும். முகவரியின் முடிவில் ஒரு கேள்விக்குறி. அதற்குப் பிறகு ‘கீவேர்ட்’ இது, ‘ரேடியஸ்’ இவ்வளவு, ‘ஸ்டார்ட் டேட் டைம்’ இது முதல் என்று வரிசையாக நிபந்தனைகள். நீங்கள் மூன்று பொத்தான்களைத் தொட்டது, வழியில் ஒற்றை வரியாக மாறிவிட்டது.

வாசலில் காவலும் உண்டு. பதிவு செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி எண். டிஸ்கவரியில் ஒரு சாவிக்கு இயல்பாகக் கிடைப்பது நாளுக்கு 5,000 கேள்விகள், நொடிக்கு 5 கேள்விகள். வரம்பு மீறினால் 429 என்ற எண் பதிலாக வரும். ‘ரொம்பக் கேட்டுவிட்டாய், பொறு’ என்பதற்கு இணைய உலகம் 2012-இல் ஒப்புக்கொண்ட குறியீடு அது.

உள்ளே போன கேள்வி சந்திக்கும் முதல் கருவி தலைகீழ் அட்டவணை. அறிவிப்பைத் திறந்து சொற்களைத் தேடுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் அறிவிப்புகளின் எண்களை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு இதே வேலையைத்தான் செய்கிறது. 1230 வாக்கில் பாரிஸில் டொமினிக்கன் துறவிகள் விவிலியச் சொற்களுக்கு இப்படி ஓர் அடைவைக் கையால் தொகுத்தார்கள். இன்றைய தேடுபொறி அதையே ஒவ்வொரு புதிய அறிவிப்பு வரும்போதும் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறது. நீங்கள் தேடத் தொடங்கும்போது தேடலின் பெரும்பகுதி ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

ஆனால் ரசிகர் பெயரை எப்படி எழுதினார்? இளையராஜாவுக்கு ஆங்கில எழுத்தில் ஒரே வடிவம் கிடையாது. அவர் பெயரில் வழங்கும் நீண்ட வடிவத்தில் 11 எழுத்துகள். அவசரத்தில் பலர் தட்டுவது 9 எழுத்துகள். நடுவில் ஓர் ‘ஐ’, பின்னால் ஓர் ‘ஏ’ விடுபட்டிருக்கும். 1965-இல் ரஷ்யக் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுங்கள். அதுதான் திருத்தத் தொலைவு. இங்கே அது 2. பரவலாகப் பயன்படும் ‘எலாஸ்டிக்சர்ச்’ தேடுபொறியின் தானியங்கி விதிப்படி, ஐந்து எழுத்துக்கு மேற்பட்ட சொல்லில் 2 திருத்தங்கள் வரை மன்னிப்பு உண்டு. இளையராஜா மயிரிழையில் தப்பிக்கிறார். இன்னோர் எழுத்தை விழுங்கியிருந்தால் அவர் அகப்பட்டிருக்க மாட்டார்.

அடுத்தது ‘இசை’ என்ற வடிகட்டி. இதற்கு ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. எல்லா நிகழ்ச்சிகளுக்கும் வரிசையெண் கொடுங்கள். அந்த வரிசையில் இசை நிகழ்ச்சி வரும் இடத்தில் 1, மற்ற இடங்களில் 0 போடுங்கள். இந்த நீண்ட கீற்றுக்கு பிட்மேப் என்று பெயர். 2,30,000 நிகழ்ச்சிகளுக்கான கீற்று ஏறத்தாழ 29 கிலோபைட்டில் அடங்கிவிடும். செல்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைவிடப் பல மடங்கு பெரியது. ‘மார்ச் மாதம்’ என்பதற்கும் இதே போல் ஒரு கீற்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டிலும் 1 இருக்கும் இடங்களை மட்டும் எடுத்தால் மார்ச் மாத இசை நிகழ்ச்சிகள் வந்துவிடும். கணினியின் மையச் செயலகம் ஒரே கட்டளையில் 64 இடங்களைச் சரிபார்க்கும். ஆக மொத்தம் 3,600-க்கும் குறைவான கட்டளைகள். நொடியின் பத்து லட்சத்தில் சில பங்குகளில் வேலை முடிந்தது. ‘இதுவும் அதுவும்’ என்பதைக் கணக்காக்க முடியும் என்று ஜார்ஜ் பூல் 1854-இல் புத்தகம் எழுதியபோது கணினி என்ற பொருளே இல்லை.

இடம்தான் உண்மையான தலைவலி. ‘25 கிலோமீட்டருக்குள்’ என்பது வரைபடத்தில் ஒரு வட்டம். ஒவ்வோர் அரங்குக்கும் தூரத்தைக் கணக்கிட்டால் எல்லாவற்றையும் தொட்டதாகிவிடும். இதிலிருந்து தப்பிக்க ஒரு வழியை ஐபிஎம்மில் இருந்த மார்ட்டன் 1966-இல் முன்வைத்தார். அதே எண்ணத்தைக் குஸ்தாவோ நீமெயர் 2008-இல் எழுத்துகளாக்கினார். அதுதான் ஜியோஹாஷ், நிலப்பரப்பின் ஒரு கட்டத்தைக் குறிக்கும் எழுத்துச் சரம்.

அது உருவாகும் விதம் இது. உலகைச் செங்குத்தாக இரண்டாக வெட்டுங்கள். இடம் மேற்கில் என்றால் 0, கிழக்கில் என்றால் 1. இப்போது குறுக்காக வெட்டுங்கள். தெற்கு 0, வடக்கு 1. மிஞ்சிய துண்டை மறுபடி செங்குத்தாக, மறுபடி குறுக்காக என்று வெட்டிக்கொண்டே போங்கள். ஐந்து வெட்டுக்கு ஓர் எழுத்து. 25 வெட்டில் ஈவென்டிம் அப்போலோ அரங்கு ‘ஜி-சி-பி-யு-எஃப்’ என்ற ஐந்தெழுத்தாகிவிடும். லண்டனில் அது வடக்கு தெற்காக 4.9 கிலோமீட்டரும் கிழக்கு மேற்காக 3 கிலோமீட்டரும் கொண்ட கட்டம். ஒன்பது எழுத்து வரை போனால் கட்டம் 5 மீட்டருக்குள் சுருங்கி, ஒரு வீட்டுக் கூடத்தின் அளவுக்கு வந்துவிடும். டிஸ்கவரி சேவையும் இருப்பிடத்தை ஒன்பது எழுத்து வரை ஏற்றுக்கொள்கிறது.

இதில் என்ன லாபம்? அருகருகே உள்ள இடங்களின் சரங்கள் பெரும்பாலும் ஒரே எழுத்துகளில் தொடங்கும். அகர வரிசையில் அடுக்கினால் அக்கம்பக்கத்து அரங்குகள் அட்டவணையிலும் அக்கம்பக்கத்தில் வந்து நிற்கும். இரு பரிமாண வரைபடம் ஒற்றை வரிசையாக மடிந்துவிட்டது. தூரம் பற்றிய கேள்வி, ‘இந்த எழுத்துகளில் தொடங்கும் சரங்கள் எவை?’ என்ற எழுத்துக் கேள்வியாக மாறிவிட்டது.

‘பெரும்பாலும்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. முதல் செங்குத்து வெட்டு விழுவதே கிரீன்விச் தீர்க்கரேகையில். அது லண்டனின் ஊடாகப் போகிறது. தேம்ஸ் கரையில் உள்ள ‘ஓ2’ கூடாரத்தின் மேற்கு ஓரத்தையே தொட்டுச் செல்கிறது. கோட்டுக்குக் கிழக்கே எல்லாச் சரங்களும் ‘யு’ என்று தொடங்கும். மேற்கே ‘ஜி’ என்று தொடங்கும். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கும் இருவர் கை குலுக்கலாம். ஆனால் அவர்களுடைய சரங்கள் முதல் எழுத்திலேயே பிரிந்துவிடும். நம் ஈஸ்ட் ஹாம் ரசிகர் இருப்பது ‘யு’ பக்கம். சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஹாமர்ஸ்மித் ‘ஜி’ பக்கம். எழுத்தை மட்டும் நம்பினால் கச்சேரி கை நழுவிப் போகும். அதனால் தேடுபொறி, வட்டம் எந்தெந்தக் கட்டங்களைத் தொடுகிறதோ அத்தனையின் சரங்களையும் முதலில் பட்டியலிட்டு எல்லாவற்றிலும் தேடுகிறது. பூமியின் வளைவைக் கணக்கில் கொண்ட துல்லியமான தூரச் சூத்திரம், எஞ்சி நிற்கும் சிலவற்றுக்கு மட்டுமே.

நேரம் இதைவிடக் குறும்புக்காரப் பொருள். லண்டனில் மாலை 7 மணிக் கச்சேரி என்றால் சென்னையில் அப்போது மணி என்ன? மார்ச் 8-இல் கேட்டால் நள்ளிரவு 12.30, தேதியும் 9 ஆகிவிடும். ஜூனில் கேட்டால் இரவு 11.30, தேதி மாறாது. மார்ச் கடைசி ஞாயிறன்று பிரிட்டன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதுதான் காரணம். சென்னையில் இருந்து ‘மார்ச் 8’ என்று தேடுபவருக்கு இந்தியத் தேதியைப் பார்ப்பதா, அரங்கத்தின் தேதியைப் பார்ப்பதா? டிஸ்கவரி பதிலில் அரங்கின் உள்ளூர்த் தேதி, உலகப் பொது நேரம், நேர மண்டலத்தின் பெயர் மூன்றுமே வருவது இதனால்தான்.

பொது நேரம் ஒன்று போதாதா? போதாது. கடிகாரத்தை அரசுகள் மாற்றும். இலங்கை 2006 ஏப்ரல் 15 அன்று தன் கடிகாரத்தை அரை மணி பின்னே இழுத்து இந்திய நேரத்தோடு சேர்ந்துகொண்டது. அதற்கு முன்பே பதிவான ஒரு கொழும்புக் கச்சேரி பொது நேரத்தில் மட்டும் எழுதப்பட்டிருந்தால், பட்டியலில் அது உள்ளூர் நேரப்படி அரை மணி முன்னதாகக் காட்டியிருக்கும். சமோவா இன்னும் ஒரு படி மேலே போய், தேதிக் கோட்டைத் தாண்டுவதற்காக 2011 டிசம்பர் 30 என்ற நாளையே விட்டுவிட்டது.

தேதியே முடிவாகாத நிகழ்ச்சிகளும் உண்டு. அவற்றுக்கு ‘பின்னர் அறிவிக்கப்படும்’ என்ற தனிக் கொடி. அவை பட்டியலில் வரலாமா கூடாதா என்று கேட்பவரே சொல்லலாம். இணையம் முழுவதும் நிகழ்ச்சிகளை ஒரே மாதிரி விவரிக்க உதவும் ‘ஸ்கீமா’ சொற்பட்டியல், 2020 மார்ச்சில் ‘இணையவழிக்கு மாற்றப்பட்டது’ என்ற புதிய நிலையைச் சேர்த்துக்கொண்டது. பெருந்தொற்று ஒரு வடிகட்டியையே பிறப்பித்துவிட்டது.

வடிகட்டல்களைத் தாண்டி வந்தவற்றுக்கு வரிசை வேண்டும். கேம்பிரிட்ஜின் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் தந்த விதி இன்றும் இதற்கு அடிப்படை: அரிய சொல்லுக்கு மதிப்பு அதிகம். ‘லைவ்’ என்ற சொல் பல்லாயிரம் அறிவிப்புகளில் இருக்கும். அது பொருந்தினால் பெரிதாக எதுவும் தெரியவராது. ‘இளையராஜா’ சிலவற்றில்தான் இருக்கும்; அது பொருந்தினால் அறிவிப்பு மேலே ஏறும்.

பட்டியலும் முழுதாக வருவதில்லை. பக்கத்துக்கு 20 என்பது வழக்கம். டிஸ்கவரியில் ஆயிரமாவது முடிவுக்கு அப்பால் போகவே முடியாது. இது கஞ்சத்தனம் அல்ல. பெரிய தேடுபொறிகளில் தரவு பல கணினிகளில் பிரிந்து கிடக்கும். பத்துக் கணினிகள் என்றால், 50-ஆம் பக்கத்தின் 20 முடிவுகளுக்காக ஒவ்வொன்றும் தன் சிறந்த ஆயிரத்தை அனுப்ப வேண்டும். 10,000 முடிவுகளை ஒன்றாக வரிசைப்படுத்தி, 9,980-ஐத் தூக்கி எறிய வேண்டும். ஆழம் போகப் போக வீண் வேலை கூடும். தேடலைக் குறுக்கச் சொல்வதுதான் மலிவு.

இத்தனைக்குப் பிறகும் அதிக நேரம் எதற்குச் செலவாகிறது தெரியுமா? பல சமயம் பயணத்துக்குத்தான். சென்னையில் தேடுபவருக்குப் பதில் தரும் தரவு மையம் லண்டனில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 8,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் போகும். போய் வரவே குறைந்தது 82 மில்லிநொடி. அந்த நேரத்தில் நம் கீற்றுகளைப் பல்லாயிரம் முறை ஒப்பிட்டுவிடலாம்.

ஆனால் எல்லா வித்தையும் ஒரே இடத்தில் தோற்கும். ஒரு விழாவின் நாளும் இடமும் சுவரொட்டிப் படத்துக்குள் மட்டுமே இருந்தால், அந்த விழா எந்த அட்டவணையிலும் ஒழுங்காக ஏறாது. உங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவையோ ஊர்க் கோயில் கச்சேரியையோ அறிவிக்கும்போது, படத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தேதி, தொடங்கும் நேரம், அரங்கின் முழு முகவரி மூன்றையும் தனித்தனியே எழுத்தில் கொடுங்கள். மிச்சத்தை அந்த வாசல் பார்த்துக்கொள்ளும்.