ஹாரிசனின் அடுப்படி: முதல் தனி ஆல்பம் எப்படி உருவாகிறது?

இன்று கோவளத்தில் ஒரு மாடி அறையும், லேப்டாப்பும், சுமாரான மைக்கும் இருந்தால் ஆல்பம் போட்டுவிடலாம். மென்பொருளில் எத்தனை டிராக் வேண்டுமானாலும் திறந்துகொள்ளலாம். ஆனாலும் 'முதல் ஆல்பம் வேலை போய்க்கொண்டிருக்கிறது' என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும் இசைக்கலைஞர்கள் இங்கே நிறையப் பேர். வசதிக்குக் குறைவில்லை, வேலை மட்டும் முடிவதில்லை.

வசதி குறைவாக இருந்த காலத்தில் முடிந்த வேலை ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். சைகடெலிக் ராக் உச்சத்தில் இருந்தபோது பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் உருவாக்கிய 'வொண்டர்வால் மியூசிக்'. பீட்டில்ஸில் ஒருவர் தன் பெயரில் வெளியிட்ட முதல் தனி ஆல்பம் அது. 1967 நவம்பரில் லண்டனில் தொடங்கி, 1968 ஜனவரியில் பம்பாய்க்கு வந்து, பிப்ரவரியில் லண்டனிலேயே முடிந்தது. லண்டனில் அவர் வைத்தது சாம்பார், பம்பாயில் வைத்தது மீன் குழம்பு. இந்த இரண்டுக்கும் பக்குவம் வேறு என்பது தெரிந்தால் ஒலிப்பதிவு எப்படி நடக்கிறது என்பதும் விளங்கிவிடும்.

முதலில் எத்தனை இலை?

சமையல்காரர் அடுப்பு மூட்டுவதற்கு முன் கேட்கும் கேள்வி, எத்தனை பேருக்கு என்பதுதான். ஹாரிசனுக்கு அந்தக் கணக்கைக் கொடுத்தது ஒரு படம். ஜோ மஸாட் இயக்கிய 'வொண்டர்வால்' படத்தில் பேச்சு மிகக் குறைவு. சுவரிலுள்ள ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு விஞ்ஞானியின் கதை. வசனம் விட்ட இடத்தை இசைதான் நிரப்ப வேண்டும். ஹாரிசன் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து ஒவ்வொரு காட்சியும் எத்தனை நொடி என்று குறித்துக்கொண்டார். அந்த அளவுக்குத்தான் இசை. ஆல்பத்தில் 19 துண்டுகள் இருப்பதற்கும், பல துண்டுகள் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடுவதற்கும் இதுவே காரணம். எல்லை முன்பே தெரிந்ததால், எங்கே நிறுத்துவது என்ற குழப்பம் அவருக்கு வரவில்லை.

லண்டன்: நாலு அடுப்புச் சாம்பார்

சாம்பாருக்குப் பருப்பு ஒரு பக்கம் வேகும், காய் ஒரு பக்கம் வேகும், புளி தனியே கரையும், தாளிப்பு கடைசியில் வரும். இ.எம்.ஐ.யின் ஆபி ரோடு ஸ்டூடியோவில் அன்றிருந்த நாலு டிராக் டேப் மெஷின் வேலை செய்ததும் இப்படித்தான். ஓர் அங்குல அகல டேப்பில் நாலு தடங்கள். முதல் தடத்தில் டிரம்ஸைப் பதிவு செய்தபின் டேப்பைத் திருப்பி ஓட்டி, அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவது தடத்தில் கிட்டாரை வாசிக்கலாம். ஒன்று பிசகினால் அதை மட்டும் திரும்ப எடுக்கலாம்.

நாலும் நிரம்பிவிட்டால் என்ன செய்வது? அந்த நாலையும் கலந்து இன்னொரு மெஷினில் ஒன்றிரண்டு தடமாக இறக்குவார்கள். மீதித் தடங்கள் புது வாத்தியங்களுக்குக் கிடைக்கும். ஆனால் கலந்தது கலந்ததுதான். மல்லியும் மிளகாயும் சேர்த்து அரைத்த விழுதிலிருந்து மல்லியை மட்டும் எடுக்க முடியுமா? அதனால் கிட்டார் எவ்வளவு, டிரம்ஸ் எவ்வளவு என்பதைப் பாதி வழியிலேயே முடிவு செய்தாக வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இடமே கிடையாது.

இந்த அடுப்பில் ஹாரிசனுக்குக் கைகொடுத்தது லிவர்பூலின் ரெமோ ஃபோர் குழு. மெல்லோட்ரானும் இங்கே பயன்பட்டது. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு இருக்கும். கட்டையை அழுத்தினால் முன்பே பதிவு செய்த புல்லாங்குழலோ வயலினோ சுமார் எட்டு நொடி ஒலிக்கும். அவசரத்துக்குக் கைகொடுக்கும் ரெடிமேட் பொடி என்றே வைத்துக்கொள்ளலாம். 'ஸ்கீயிங்' துண்டில் கரகரக்கும் ஃபஸ் கிட்டார், 'எடி க்ளேட்டன்' என்ற புனைபெயரில் வந்த எரிக் கிளாப்டனுடையது.

பம்பாய்: ஒரே சட்டி மீன் குழம்பு

மீன் குழம்பில் புளி, உப்பு, காரம் எல்லாம் மீனைப் போடுவதற்கு முன்பே சரியாக இருக்க வேண்டும். மீன் விழுந்தபின் கரண்டி போடக்கூடாது. துணியால் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றலாம், அவ்வளவுதான்.

1968 ஜனவரியில் பம்பாய் எச்.எம்.வி. ஸ்டூடியோவில் இருந்தது பழைய மோனோ மெஷின். கிராமஃபோன் கம்பெனியின் பாஸ்கர் மேனன் கல்கத்தாவிலிருந்து இரண்டு டிராக் ஸ்டீரியோ மெஷின் ஒன்றை ரயிலில் கொண்டுவந்து கொடுத்தார். பின்னாளில் அமெரிக்காவின் கேப்பிடல் ரெக்கார்ட்ஸுக்கே தலைவரானவர் இவர்.

இரண்டு டிராக் என்றால் இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. அந்த மெஷினிலேயே பிறகு சேர்க்க இடமில்லை. வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் வாசிக்க, வந்த ஒலி நேராக டேப்பில் இறங்கும். ஷிவ்குமார் சர்மாவின் சந்தூருக்கு மெல்லிய ஒலி. ஷெனாயோ நம் நாகஸ்வரத்தின் வடநாட்டு உறவு. கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வீச்சு தெரியும். இப்படிப்பட்ட பதிவில் யார் மைக்குக்கு அருகே, யார் தள்ளி என்பதே மிக்ஸிங். வாசிக்கத் தொடங்கும் முன்பே அது முடிந்துவிட வேண்டும்.

ஆல்பத்தின் முதல் துண்டான 'மைக்ரோப்ஸ்' ஷெனாயில் மார்வா ராகத்தைத் தொட்டு எழுகிறது. அந்த ராகம் நம் கமனாச்ரம மேளத்தின் ஸ்வரங்களில் பஞ்சமத்தை விட்டுவிட்டால் வருவது. முதல் வாக்கியத்திலேயே ஒரு தவிப்பைக் கேட்கலாம். சத்தம் தடுக்கும் வசதி அந்த ஸ்டூடியோவில் சரியாக இல்லை. மாலை ஐந்தரைக்கு அலுவலகம் விட்டு ஆட்கள் படியிறங்கும் சத்தம் உள்ளே வந்துவிடும் என்பதால் அந்த நேரத்தில் பதிவை நிறுத்த வேண்டியிருந்தது. காது கொடுத்துக் கேட்டால் சில இடங்களில் தெருவில் போகும் டாக்ஸியும் கேட்கும் என்று ஹாரிசனே பிறகு சொல்லியிருக்கிறார். மாமல்லபுரத்தில் ஜன்னலைத் திறந்து பதிவு செய்தால் கல் அறுக்கும் மெஷின் கேட்கும், அப்படித்தான். அதற்காக அவர் அந்தப் பதிவுகளைத் தூக்கிப் போடவில்லை.

இந்த ஒரு சட்டியிலிருந்து ஆல்பத்துக்கு வெளியேயும் ஒரு பாட்டு வந்தது. அங்கே பதிவான வாத்திய இசையின் மேல் லண்டனில் குரல் சேர்த்ததுதான் 'தி இன்னர் லைட்'. 1968 மார்ச்சில் பீட்டில்ஸின் 'லேடி மடோனா' இசைத்தட்டின் மறுபக்கமாக வெளிவந்தது.

தாளிப்பும் பரிமாறலும்

'லவ் சீன்' துண்டில் சரோத் மேதை ஆஷிஷ் கான் தான் வாசித்ததன் மேலேயே இன்னொரு சரோத்தையும் வாசித்தார். யோசனை ஹாரிசனுடையது. ஒரே கலைஞர் தனக்குத்தானே பதில் சொல்லும் இந்த முறை அன்றைய இந்திய இசைக்குப் புதிது. 'ட்ரீம் சீன்' துண்டில் டேப்பைப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள். ஒலியின் வால் முதலில் வந்து தலை கடைசியில் வரும். கனவுக் காட்சிக்கு அது பொருந்துகிறது.

பரிமாறும் வரிசையும் யோசித்துச் செய்ததுதான். ஷெனாய்க்குப் பக்கத்தில் பியானோ. ஒரு ருசி அலுக்கும் முன் அடுத்தது வந்துவிடும். 1968 நவம்பர் 1 அன்று பிரிட்டனில், பீட்டில்ஸ் தொடங்கிய ஆப்பிள் நிறுவனத்தின் முதல் ஆல்பமாக இது வெளியானது. ஹாரிசன் இதில் முன்னால் நின்று பாடவில்லை. தனி ஆல்பம் என்பதற்காக எல்லாவற்றையும் தானே வாசிக்கவும் இல்லை. யார், எப்போது, எவ்வளவு என்று தீர்மானித்தது மட்டும் அவர்.

டிராக் குறைவு என்பது அவருக்குத் தடையாக இல்லை, சீக்கிரம் முடிவெடுக்க வைத்தது. கோவளத்திலோ செங்கல்பட்டிலோ முதல் ஆல்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஒரு பாட்டை மட்டுமாவது இப்படிச் செய்து பாருங்கள்: வாத்தியக்காரர்களை ஒரே அறையில் உட்கார வையுங்கள், இரண்டு டிராக்குக்கு மேல் திறக்காதீர்கள், உப்பு காரத்தை வாசிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். முடிந்ததும் கரண்டி போடாமல் இறக்கி வையுங்கள்.